மாட்டுக்குப் போட்ட சரிவு

ஓசூரில் டூலெட் பலகை தொங்காத தெரு கிடையாது. வீடு மட்டும் கிடைக்காது. இந்த இரண்டு உண்மைகளும் சண்டை சச்சரவில்லாமல் ஒரே தெருவில் குடியிருந்து வருகின்றன என்பதை வீரலட்சுமி அளவுக்கு நடந்து பார்த்தவர்கள் குறைவு.

அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பெண். கல்யாணமான கையோடு புருஷன் பூபதியுடன் பஸ் ஏறி வந்தவள். பூபதி தகடு அமுக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். இவள் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் அசெம்பிளி லைனில் நிற்கிறவள். பிள்ளைகள் இல்லை. சொந்தக்காரர்கள் குறையாகச் சொன்ன அதே விஷயத்தை ஹவுஸ் ஓனர்கள் தகுதியாக எடுத்துக்கொண்டார்கள்: சுவரில் கிறுக்க ஆளில்லை. வீடு மாறி மாறி, சட்டிபானையை எந்த வரிசையில் மூட்டை கட்டினால் உடையாது என்பதில் அவளுக்கு ஒரு தேர்ச்சியே வந்துவிட்டது. கடைசியாகப் பிடித்தது பாகலூர் ரோட்டுப் பக்கம் ஓர் இரண்டாவது மாடி. அப்போது கீழ்வீடும் காலியாகத்தான் இருந்தது. மேல்வீடுதான் வேண்டும், காற்று வரும் என்று அடம்பிடித்தது பூபதி.

அடுத்த வருஷம் சர்வீஸ் ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி அவனைப் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்தது. ஆள் பிழைத்தான், இடுப்புக்குக் கீழே பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று தெருவில் நாலு பேர் கூடி அவனை மாடியேற்றினார்கள். அதோடு அவன் காற்று வாங்க ஆரம்பித்தான். இரண்டு வருஷமாக வேறெதுவும் வாங்கவில்லை.

இடையில் கீழே இறங்கியதைச் சொல்லிவிடலாம். செக்கப்புக்கு இறங்கினான். ஓட்டுப் போட இறங்கினான். பூத்தில் சக்கர நாற்காலி, சரிவுப் பாதை, பூங்கொத்தோடு இரண்டு கல்லூரிப் பெண்கள் எல்லாம் தயாராக இருந்தன. அங்கே ஒரு குறையும் இல்லை. வீட்டு மாடிப்படியில் அவனைச் சுமந்த எதிர்வீட்டு முனிவேலுக்குத்தான் இடுப்பு பிடித்துக்கொண்டது. பிறகு அரசாங்கத்தில் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் கொடுத்தார்கள். அதை வாங்க ஒரு தடவை இறக்கினார்கள், போட்டோ எடுத்தார்கள், திரும்ப ஏற்றினார்கள். வண்டி கீழே நின்றது, ஓட்டுகிறவன் மேலே இருந்தான். தினமும் பால்கனியில் தன் சக்கர நாற்காலியிலிருந்து அதை எட்டிப் பார்ப்பான். அதுவும் ஒரு சொத்துதான்.

வீரலட்சுமி ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது தண்ணீர், சாப்பாடு, ரிமோட், போன், எல்லாவற்றையும் கட்டிலுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் போவாள். அவன் எப்போதாவது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால், “உங்களுக்கு என்ன கொற? எல்லாந்தான் கைப்பக்கத்துல இருக்கே” என்பாள். அதில் பொய்யே இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் பூபதியின் பழைய சூப்பர்வைசர் மாதவன் ஒரு நாள் மாடியேறி வந்தார். மத்திகிரியில் சொந்தமாகச் சின்னப் பட்டறை போட்டிருக்கிறாராம். மேசை வேலை: உட்கார்ந்த இடத்தில் பார்ட்ஸை அளந்து, நல்லது கெட்டது பிரிக்க வேண்டும். கண்ணும் கையும் போதும். ஆனால் ஆள் தினமும் வந்தாக வேண்டும், அடுத்த மாதம் பிறந்ததும் சேர வேண்டும். அதற்குமேல் இடத்தை வைத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டு, படி இறங்கும்போது மூச்சு வாங்கிக்கொண்டே போனார். அவர் தலை மறைந்ததும் பூபதி ஷேவிங் பிரஷைக் கேட்டான். அவனாகக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. வீரலட்சுமிக்குப் பயம் வந்தது அப்போதுதான். ஆசைப்படாதவரைக்கும் அவனைச் சமாளிப்பது சுலபமாக இருந்தது.

ஆக, தரையோடு தரையாக ஒரு வீடு வேண்டும். இதைவிட எளிமையான கோரிக்கை இருக்க முடியாது என்று நம்பித்தான் அவள் கிளம்பினாள்.

முதல் அதிர்ச்சி, ஓசூரில் கிரவுண்ட் ஃப்ளோர் தரையில் இல்லை என்பது. ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் ரோடு உயர்கிறது. மழைத்தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று வீட்டை அதற்கு மேலே உயர்த்துகிறார்கள். அடுத்த ரோடு அதையும் எட்டிப் பிடிக்க வருகிறது. இந்தப் போட்டியில் இப்போதைக்கு வீடுகள் முன்னிலையில் இருக்கின்றன. “கிரவுண்ட் ஃப்ளோர்தாங்க, படி மட்டுந்தான் இருக்குது” என்றார் ஒருவர், படி ஏதோ வீட்டோடு இலவசமாக வருவது போல.

அடுத்து, நிஜமாகவே தரையில் இருந்த தளத்தைப் பார்த்தாள். வழுவழு டைல்ஸ், விளக்கு, தண்ணீர்க் குழாய், சாமி படம். அங்கே ஒரு கார் குடியிருந்தது. ஓனரும் அவர் மனைவியும் மூட்டுவலித் தைலம் மணக்க முதல் மாடியிலிருந்து கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்து, வீடு மூன்றாவது மாடியில் காலி என்று சொன்னார்கள்.

சரிவு உள்ள வீடும் ஒன்று கிடைத்தது. படிகளுக்கு நடுவே சிமெண்ட்டில் ஒரு நாமம் போட்ட மாதிரி, பைக் டயர் அகலத்துக்கு. பைக்குக்கு ஒரு டயர் பின்னால் ஒரு டயர். சக்கர நாற்காலிக்கு அந்த ஒழுக்கம் கிடையாதே.

இன்னொரு இடத்தில் வீடு சரியாக இருந்தது, ஓனர் அம்மாவும் தங்கமானவர். காபி கொடுத்தார். பூபதியின் நிலைமையைக் கேட்டு உச்சுக் கொட்டினார். டாக்டர் என்ன சொல்கிறார் என்று விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “புது வீடும்மா. இன்னும் ஒரு நல்லது நடக்கல. அதுக்குள்ள ஏதாவது ஒண்ணுன்னா…” என்று நிறுத்தினார்.

வீரலட்சுமிக்குப் புரியச் சற்று நேரமானது. பூபதிக்கு நாற்பத்தாறு வயது. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை ஒன்றும் கிடையாது. அந்த அம்மாவுக்கு இரண்டும் இருந்தது; காபியில் சர்க்கரை போடாமல் குடித்துக்கொண்டிருந்தார். “அவருக்குக் கால்தாம்மா வராது. உயிரெல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டில் பூபதி என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, பாத்ரூம் சரியில்லை என்றாள்.

மாதம் பாதி ஓடிவிட்ட நேரத்தில் சுமலதா வாய் திறந்தாள். சுமலதா லைனில் இவளுக்குப் பக்கத்து இடம், உள்ளூர்க்காரி. புருஷன் சந்தோஷ் ஒரு கம்பெனியில் கேன்டீன் பார்க்கிறவன். அப்பன் பாட்டன் எல்லாம் பிறர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். இவன் காலத்தில் மத்திகிரியில் சொந்தமாக ஒரு மனை வாங்கி வீடு கட்டிவிட்டான். சந்தோஷின் அம்மா ரங்கம்மாவோடு அவர்கள் மேலே குடியிருப்பது, கீழே வாடகைக்கு விடுவது என்று திட்டம். “கிரகப்பிரவேசத்துக்கு வாக்கா. வந்து பாரு. புடிச்சா அவருகிட்ட நான் பேசறேன். படி இருக்குது, ஆனா பாத்துக்கலாம்” என்றாள் சுமலதா. பார்த்துக்கொள்வது என்றால் என்னவென்று இருவருக்குமே தெரியாது.

விடியற்காலையில் போய் இறங்கியபோது வீரலட்சுமி வாசலில் கண்டது படிகளை மட்டுமல்ல. படிகளுக்குப் பக்கத்தில், கேட்டிலிருந்து வாசல்வரை, அகலமாக, நிதானமாக ஏறிய ஒரு சிமெண்ட் சரிவு. ஏறும்போது வழுக்காமல் இருக்கக் குறுக்கே கோடு கோடாகக் கீறிவிட்டிருந்தது. ஓரத்தில் மாக்கோலம். இவள் அதன்மேல் ஏறிப் பார்த்தாள். இறங்கிப் பார்த்தாள். பூபதிக்காகச் சுமலதா சொல்லாமல் கொள்ளாமல் போட்டு வைத்திருக்கிறாள் என்று நினைத்துக் கண்கலங்கி அவள் கையைப் பிடிக்கப் போனாள்.

“தள்ளிக்கக்கா, மாடு வருது” என்றாள் சுமலதா.

புது வீட்டுக்குள் முதலில் பசுவும் கன்றும் போக வேண்டும். பக்கத்துத் தெருவிலிருந்து ஓட்டி வந்தது சீமைப் பசு, யானைக்குச் சித்தி மாதிரி உடம்பு. போன மாதம் பங்காளி வீட்டு விசேஷத்தில் கிரானைட் படியில் அதற்குக் கால் சறுக்கி, ஐயர் மந்திரத்தை விட்டுவிட்டுச் சுவரேறும்படி ஆகியிருந்தது. அதனால் சந்தோஷ் கொத்தனாரைப் பிடித்து, மாடு மிரளக் கூடாது, மூச்சு வாங்கக் கூடாது, காலில் அடிபடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் போட வைத்த சரிவு அது. இரண்டு நாளில் உடைத்துவிட்டு அந்த இடத்தில் துளசி மாடம் வரும். மாடு மகாராணி மாதிரி ஏறியது. ஹாலில் சாணி போட்டது; எல்லோருக்கும் சந்தோஷம். அதே மரியாதையோடு இறங்கிப் போனது.

அடுத்து ரங்கம்மாவை அழைத்து வந்தார்கள். எழுபதைத் தாண்டிய உடம்பு. களையெடுத்துக் களையெடுத்து முட்டி இரண்டும் தேய்ந்துபோனவர். குச்சி ஊன்றிச் சமதரையில் நடப்பார், படி ஏறமாட்டார். பிளாஸ்டிக் சேரில் உட்கார வைத்துத் தம்பி மகன்கள் இருவர் தூக்கினார்கள், படி வழியாக. இரண்டாவது படியில் ஒருவன் கால் இடறியது. சேர் சாய்ந்தது. ரங்கம்மா ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கன்னடத்தில் இருவரின் பரம்பரையையும் திட்டினார். பக்கத்திலேயே அந்தச் சரிவு, மாட்டின் குளம்புத் தடத்தோடு, காலியாகக் கிடந்தது.

வீரலட்சுமி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வீடு கேட்க வந்தவள்.

“இந்தப் பக்கமா நடத்தியே கூட்டிட்டுப் போயிருக்கலாமே” என்றாள்.

மேளக்காரர்கூட நிறுத்தின மாதிரி இருந்தது. சந்தோஷ் திரும்பிப் பார்த்தான். “மாடு ஏறுன வழியில எங்கம்மா ஏறணுமா? யாருங்க நீங்க?” என்றான். சுமலதா இவள் முழங்கையைக் கிள்ளிச் சமையல் பந்தல் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். வீடு போயிற்று என்று வீரலட்சுமிக்குத் தெரிந்துவிட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு ரங்கம்மாவை மேல்மாடிக்குத் தூக்கிப் போக ஆள் வந்தார்கள். ரங்கம்மா சேரைவிட்டு எழுந்திருக்கவில்லை.

“மேல போனா நா எப்ப எறங்குவேன்?” என்று மகனைக் கேட்டார்.

“உனக்கு எதுக்கும்மா எறங்கணும்? டிவி, பாத்ரூம் எல்லாம் மேலயே இருக்குது. சாப்பாடு கைக்கே வந்துடும். உனக்கு என்ன கொற?” என்றான் சந்தோஷ். அன்பாகத்தான் சொன்னான்.

இலை எடுத்துக்கொண்டிருந்த வீரலட்சுமிக்கு இலை கையைவிட்டு நழுவியது. அந்த வார்த்தைகள் எல்லாம் அவளுடையவை. எந்த இடத்தில் நிறுத்தி எந்த இடத்தில் இழுக்க வேண்டும் என்பது முதற்கொண்டு. இரண்டு வருஷமாகச் சொன்னபோது இனிப்பாகத்தான் இருந்தது. வெளியிலிருந்து கேட்கும்போது கதவைப் பூட்டுகிற சத்தம் மாதிரி இருந்தது.

“மாடு சறுக்காம ஏறுச்சாடா?” என்றார் ரங்கம்மா.

“ஏறுச்சு.”

“எறங்குச்சா?”

“எறங்குச்சும்மா. அது மாட்டுக்குப் போட்டது.”

“மாட்டுக்கு என்னையவிட ரெண்டு காலு ஜாஸ்தி. அதுக்கே படி ஆவல. என்னைய மட்டும் சேர்ல தூக்கி ஆட்டறீங்க” என்று சொல்லிவிட்டு, குச்சியை ஊன்றி எழுந்து, வாசலைத் தாண்ட மட்டும் மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு, சரிவில் இறங்கினார். கேட்டுவரை போனார். தெருவைப் பார்த்தார். திரும்பி ஏறினார். சொந்தபந்தம் முழுக்க வாயைப் பிளந்து நின்றது. யாரும் கேட்காமலே மறுபடி இறங்கினார்.

இரண்டு நாள் கழித்து லைனில் சுமலதா மாஸ்க்குக்குள்ளேயே சேதி சொன்னாள். மாமியார் மேலே வரமாட்டாராம். கீழ்வீடு அவருக்குத்தானாம். சரிவை உடைக்க வந்த கொத்தனாரைக் குச்சியால் விரட்டிவிட்டாராம். “நீ பேசுன பேச்சு வேலை செஞ்சிருச்சுக்கா. வீடுதான் இல்லாம போச்சு” என்றாள். பிறகு ஆறுதலாக, மேலே பின்பக்கம் ஒரு போர்ஷன் விடப் போகிறோம், வேண்டுமா என்று கேட்டாள். காற்று நன்றாக வருமாம்.

வீரலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது, அழவும் வந்தது. கன்வேயர் இரண்டுக்கும் நேரம் கொடுக்கவில்லை. ஊரிலேயே சரியான ஒரே வீடு. அதற்குள் சரியான ஆளைக் குடிவைத்ததும் அவள்தான். யாரைத் திட்டுவது?

ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் மத்திகிரிக்குப் போனாள். ரங்கம்மா சரிவின் மேல்முனையில் சேர் போட்டு, போகிற வருகிறவர்களை நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தார். இவளையும் விசாரித்தார். எந்த ஊர், என்ன ஆட்கள், புருஷன் குடிப்பானா, கவிச்சி எத்தனை நாளைக்கு ஒரு தடவை. வீரலட்சுமி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில், “எனக்கு இந்த வீடு வேணும்மா. எல்லாமும் வேண்டாம், பின்னாடி ரூம் போதும். அவர் வெளிய போகணும், உள்ள வரணும். அவ்வளவுதான்” என்றாள்.

ரங்கம்மா யோசித்தார். உள்ளே மூன்று அறை, ஒரு ஹால். அவருக்கு முன்னறை போதும். ராத்திரி தனியாகப் படுக்கக் கூடாது என்று மகன் மேலே வரச்சொல்லி இன்னும் அரித்துக்கொண்டிருக்கிறான்.

“எம்பையன் நல்லவன் கண்ணு. அதான் கஷ்டமே. எந்திரிச்சா ஒக்காரும்பான், ஒக்காந்தா படும்பான்” என்றார். “ஒம்புருசன் அப்படிச் சொல்ல மாட்டானில்ல?”

“அவரால சொல்ல முடியாதும்மா. நான்தான் சொல்லுவேன்.”

“எங்கிட்ட சொன்னியினா காலி பண்ணச் சொல்லிருவேன்” என்றார் ரங்கம்மா.

சந்தோஷ் மூன்று நாள் பேசாமல் இருந்தான். சாதி தெரியாதவர்களோடு ஒரே வாசலா என்று பங்காளிகள் கேட்டார்கள். ரங்கம்மா, நான் விசாரித்துவிட்டேன், உங்களுக்கு எதற்கு என்றார். அடுத்து நிலைவாசல். மரக்கட்டை குறுக்கே நிற்கிறது. மாடு தாண்டியது, சக்கரம் தாண்டாது. மஞ்சள் குங்குமம் ஈரம் காயாத நிலையை அறுக்க ஆசாரி கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தார். பிறகு அவரே, அறுக்காமல் இரண்டு பக்கமும் ஆப்பு மாதிரிப் பலகை வைக்கலாமே, மகாலட்சுமிக்கு அதில் ஆட்சேபம் இருக்காது என்றார். அதற்கும் நல்ல நேரம் பார்த்துத்தான் ஆணி அடித்தான் சந்தோஷ். பாத்ரூம் கதவு அகலம் போதவில்லை; கதவைக் கழற்றித் திரை போட்டார்கள்.

மாதம் பிறப்பதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, பூபதி கடைசித் தடவையாக நாலு பேர் தோளில் மாடியிறங்கினான். மத்திகிரியில் வண்டியைவிட்டு நாற்காலிக்கு மாறியதும், தள்ள வந்த முனிவேலை நிறுத்திவிட்டுத் தானே சக்கரத்தைப் பிடித்து ஏறினான். பாதியில் மூச்சு வாங்கியது. யாரும் கை கொடுக்கவில்லை. கொடுக்கப் போன வீரலட்சுமியை ரங்கம்மா பார்த்த பார்வையில் அவள் கை பின்னுக்கு வந்துவிட்டது.

மறுநாள் முதல் ஷிஃப்ட். வழக்கம்போலத் தண்ணீர், சாப்பாடு, ரிமோட், போன் எல்லாம் கட்டிலோரம் வைத்துவிட்டுப் போனாள். கம்பெனி பஸ் மத்தியானம் முக்கில் இறக்கிவிட்டது. வீட்டுக்கு வந்தாள். கதவு திறந்து கிடந்தது. ரங்கம்மா அறையில் குறட்டை. பின்னறையில் கட்டில் காலி.

பாத்ரூம் திரையை விலக்கினாள். இல்லை. கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தாள். இல்லை. போன் அடித்தாள், தலையணைக்கடியில் அடித்தது. சாப்பாட்டுக் கேரியர் திறக்காமல் இருந்தது. இரண்டு வருஷமாக விட்டுப்போன இடத்திலேயே இருந்த மனுஷன். அவனைத் தேட வேண்டியிருக்கும் என்பது அவள் கணக்கிலேயே இல்லாத விஷயம். வீடு தேடி அலைந்தபோதெல்லாம் அவன் வெளியே போக வேண்டும் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்; போனால் வீட்டில் இருக்கமாட்டான் என்று மட்டும் தோன்றவேயில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் லாரி போகிற ரோடு. செருப்பில்லாமல் ஓடினாள். பெட்டிக்கடையில் கேட்கக் குரல் வரவில்லை. சைகையில் சக்கரம் சுற்றிக் காட்டினாள். கடைக்காரர் வலது பக்கம் கை நீட்டினார்.

திருப்பத்தில் ஒரு கூட்டம் வட்டமாக நின்றது. இடித்துத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள்.

குழாய் போட ஜேசிபி பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தது. ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. எல்லோருக்கும் முன்வரிசையில், சக்கரத்துக்கு பிரேக் போட்டு, செம்மண் தூசி தலையெல்லாம் படிய, பூபதி உட்கார்ந்திருந்தான். இன்னும் கொஞ்சம் இடது பக்கம் எடுக்கச் சொல்லி டிரைவருக்குக் கை காட்டிக்கொண்டிருந்தான். டிரைவர் அவனைச் சட்டை செய்யவில்லை. அதனால் அவன் உற்சாகம் குறையவுமில்லை.

அவள் அவனுக்கு முன்னால் போய் நின்றாள். அடிக்க வேண்டும் போலிருந்தது.

“சொல்லிட்டு வரக் கூடாதா நீங்க? உயிரே போயிருச்சு எனக்கு.”

பூபதி அவளைப் பார்த்தான். பிறகு கழுத்தை வளைத்து, அவள் இடுப்புக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

“கொஞ்சம் தள்ளி நில்லு புள்ள,” என்றான். “மறைக்குது.”